பாட்டுக்கார அண்ணனுக்குப் பொய் வராது

அண்ணனிடம் எதையும் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடக் கூடாது. தெரியாத்தனமாகக் கேட்டு அனுபவித்தவர்கள் மதுரையில் நிறைய. கோச்சடையில் அவர் வீட்டுக்கு எதிர்த்த டீக்கடைக்காரர், பால்காரரை மாற்றிய கையோடு ஒருநாள், "டீ எப்படி இருக்கு தம்பி?" என்று பெருமையாகக் கேட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு குடித்தார். யோசித்தார். இன்னொரு மடக்கு. பாட்டுப் பதிவு செய்யும்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுருதி எங்கே விலகுகிறது என்று தேடுவாரே, அதே முகம். கடைசியில், "பழைய பால்காரருக்கு ஒரு போன் போட்ருங்கண்ணே" என்றார். கடைக்காரர் சிரித்துவிட்டு விட்டிருப்பார். ஆனால் அந்தப் புதுப் பால்காரரும் கேனோடு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். திமிர் பிடித்தவன் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்த் தூங்குவான். இவர் சொல்லிவிட்டு வந்து, "அந்த மனுசன் மூஞ்சி வாடிருச்சு தங்கச்சி" என்று என்னிடம் நாள்கணக்கில் புலம்புவார். "அப்ப நல்லாருக்குன்னு சொல்லிருக்கலாம்ல?" என்று கேட்டால் திகைத்துப்போய்ப் பார்ப்பார்.

"நல்லா இல்லையே!"

சிலருக்கு நீச்சல் வராது. சிலருக்கு சைக்கிள் வராது. இவருக்குப் பொய் வராது. அவ்வளவுதான் விஷயம்.

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பாடம் போக மிச்ச நேரமெல்லாம், உண்மையைச் சொன்னால் பாடம் நடக்கிற நேரத்திலும், கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிவேன். அண்ணனின் பாட்டுகளுக்கு வீடியோ எடுக்கும் வேலையை நானாகப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு, மொட்டை மாடி அறையில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை தொங்கவிட்டுத் தானே பதிவு செய்து, தானே இணையத்தில் ஏற்றுகிற பாட்டுக்காரர். சினிமாவில் பாடாத ஒருவரைப் பாடகர் என்று ஒத்துக்கொள்ள நம்மூரில் யாருக்கும் லேசில் மனசு வராது.

"எந்தப் படத்துல பாடியிருக்கீக?"

"படத்துல இல்லண்ணே."

"அப்ப எதுல?"

"போன்ல."

கேட்டவர் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அவர் புதுப்பாட்டைச் சோதிக்கிற விதம் வேறு யாரிடமும் நான் பார்க்காதது. விடிகாலையில் மாட்டுத்தாவணி போய், பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகை மூட்டையோடு ஏறுகிற அக்காமார்களுடன் டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொள்வார். கிட்டாரை மெதுவாகத் தட்டியபடி புது மெட்டை முனகுவார். முனகும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டார். குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அக்காகிட்டக் கேட்டா மரியாதைக்கு நல்லாருக்கு சாமின்னு சொல்லிரும். காலுக்கு மரியாதை தெரியாதுல்ல" என்பார்.

பூக்காரக்காவின் செருப்பு தாளத்துக்கு ஆடினால் அந்த மெட்டு பிழைத்தது. ஆடாவிட்டால் பெரியார் நிலையத்தில் இறங்குவதற்குள் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார். எனக்கு உயிராக இருந்த ஒரு மெட்டை, அக்கா ஒருத்தி கால் மேல் கால் போட்டுத் தூங்கிவிட்டாள் என்பதற்காகக் கைவிட்டார். "அந்தக்கா ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சிருக்கும்ணே!" என்று சண்டை போட்டேன். கேட்கவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் கொஞ்ச காலம் கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசித்திருக்கிறார். அந்தப் பிழைப்பு போனதும் இதே கோளாறால்தான். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா மைக்கை வாங்கி, வந்திருந்த கூட்டத்தையெல்லாம் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற அண்ணனிடம், "சாப்பாடு எப்படி தம்பி?" என்று நீட்டியிருக்கிறார். மைக் ஆனில் இருந்தது. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட ஆளை ஒரு இணைய சேனல்காரர்கள் பேட்டிக்கு உட்கார வைத்தார்கள். அவருடைய பாட்டு ஒன்று அப்போதுதான் மெல்ல மெல்லப் பரவிக் கல்லூரிப் பிள்ளைகளின் போன்களுக்குள் போயிருந்தது. பேட்டி எடுத்த பையன் கண்ணடித்துக்கொண்டே, "இந்தப் பாட்டு எந்தப் பொண்ணுக்காகண்ணே?" என்று கேட்டான். கேமராவுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் முகத்தில் அந்த டீக்கடைக் களை வந்தது.

"பொண்ணு இல்ல தம்பி. பையன்."

"ஓ... ஃப்ரெண்டுக்காக எழுதுனதா?"

"இல்லப்பா. லவ்வர்தான்."

பையன் தன் தாளைப் புரட்டினான். அதில் அடுத்த கேள்வி இல்லை. "அப்ப... கற்பனைக் கதாபாத்திரம்?" என்று தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவிட்டான்.

"கற்பனையா? காளவாசல்ல இருக்கான்."

அந்தக் காளவாசல்காரர் ஒரு பிசியோதெரபிஸ்ட். அண்ணன் பேசுவதில் கால்வாசிகூடப் பேசாத மனிதர். பேட்டி வெளியான அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஏரியாவச் சொன்ன. தெருவச் சொல்லல. அதுக்கு நன்றி."

"தெரு எதுன்னு அவன் கேக்கலையே" என்றார் அண்ணன்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சிரிக்கிற மாதிரி இல்லை. ஒரு கல்லூரி விழாவுக்கு ஒத்துக்கொண்டவர்கள் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். வீடியோவுக்குக் கீழே எழுதப்பட்டதையெல்லாம் நான்தான் உட்கார்ந்து அழித்தேன். பைக்கில் போகிறவர்கள் பெயர் சொல்லிக் கத்திவிட்டுப் போனார்கள். அவருடைய அம்மா சில வாரம் பேசவில்லை. தட்டில் சோற்றை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். அப்பா, சோழவந்தான் பக்கம் வயல் வைத்திருக்கும் விவசாயி, ஒரே ஒருமுறை வாய் திறந்தார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. பேச்சக் கொஞ்சம் கொறச்சுக்க."

ஆனால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எங்கெங்கிருந்தோ பையன்களும் பெண்பிள்ளைகளும் எழுதவும் ஆரம்பித்தார்கள். நானும் வீட்டில் சொல்லிவிடட்டுமா அண்ணே என்று கேட்டவர்களுக்கு அவர் எழுதின பதில்களைப் பார்த்து நான் அசந்துபோனேன். 'அவசரப்படாத தம்பி. எனக்கு மறைக்க வராது, அதனால சொன்னேன். ஒனக்கு வந்தா மறைச்சுக்க. ஒன் வீடு ஒனக்குத்தான் தெரியும்.' அவர் உண்மை பேசுவதைப் பெருமையாக நினைத்ததே இல்லை. தனக்கு ஒரு கை குறைச்சல் என்பது போலத்தான் அதைப் பற்றிப் பேசுவார்.

அவருக்கு இருந்த ஒரே மனக்குறை வேறு. "ஊர்ல எவன வேணாலும் எவன் வேணாலும் மாப்ளங்குறான். நான் கூப்புட்டா மட்டும் ஒரு நிமிசம் யோசிக்கிறானுங்க பாத்தியா?"

மெல்ல மெல்லச் சென்னையில், பெங்களூரில் சின்னச் சின்ன அரங்குகளில் பாடக் கூப்பிட்டார்கள். டிக்கெட் வாங்கிக் கேட்கிற கூட்டம் வந்தது. அம்மாவும் பேச ஆரம்பித்துவிட்டார். எல்லாம் ஒருவழியாக அடங்கி வருகிறது என்று நான் நினைத்தபோதுதான் அவருடைய தங்கச்சி மகளின் காதுகுத்து வந்தது.

அண்ணனுக்குக் கூடப்பிறந்தவள் ஒரே தங்கச்சி. வாடிப்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுடைய மகளுக்கு அப்போது மூன்று வயது. அந்தப் பிள்ளை மேல் அண்ணனுக்கு இருந்த கிறுக்கைச் சொல்லி மாளாது. பதிவு செய்த பாட்டு ஒன்றில் நடுவே ஒரு குழந்தை தும்முகிற சத்தம் கேட்கும். அது அவள்தான். எடுத்துவிடுங்கள் என்று எல்லோரும் சொன்னோம். "அதான்டா நல்ல எடமே" என்று விட்டுவிட்டார். அழகர்கோவிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவார்கள் என்று, பிள்ளை பிறந்ததிலிருந்து அந்த நாளை எதிர்பார்த்திருந்தார். தோடுகூட எப்போதோ எடுத்துவைத்தாயிற்று.

அதற்குள் சம்பந்திப் பெரியவர், தங்கச்சியின் மாமனார், ஒரு பை கொய்யாப்பழத்தோடு கோச்சடைக்கு வந்தார். நான் அப்போது மாடியிலிருந்து விளக்குகளை இறக்கிக்கொண்டிருந்தேன். பெரியவர் ரொம்ப நேரம் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, ஒம் பாட்ட நானும் கேட்டேன். டிராக்டர்ல போட்டுக் கேட்டேன். பிரமாதம்."

"எந்தப் பாட்டு மாமா?" அண்ணனுக்கு முகமெல்லாம் பல்.

"எல்லாந்தான்."

"ரெண்டாவது பாட்டுல கிட்டார் கொஞ்சம் இழுவை மாமா. அது சரியில்ல."

"அத விடு மாப்ள. அழகர்கோவில்ல சொந்தபந்தம் அம்புட்டும் வந்து நிக்கும். யாராச்சும் ஒருத்தன் கேப்பான். கேட்டா, பாட்டு ஓடணும்னு வெளம்பரத்துக்குச் சும்மா சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. அதுக்கப்பறம் நீ ஒம்பாட்டுக்கு இரு. ஒன்னைய மாறச் சொல்றேனா? வார்த்தையத்தான மாத்தச் சொல்றேன்."

நியாயமாகச் சொன்னால் பெரியவர் கெட்டவர் இல்லை. ஊர் வாயை எண்ணிப் பயந்த மனிதர். அண்ணனும் அதைப் புரிந்துகொண்டு, எங்கள் கண்ணெதிரிலேயே முயற்சி செய்தார். "சும்மா... வெளம்பரத்துக்கு..." என்று ஆரம்பித்தார். காது சிவந்தது. கழுத்து சிவந்தது. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். "வெளம்பரத்துக்காக... இல்ல மாமா. நெசமாத்தான் சொன்னேன்."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்ப மடியில வைக்கிறது கஷ்டம் மாப்ள. ஒஞ் சித்தப்பா மகன் இருக்கான்ல. அவனும் தாய்மாமன் மொறதான. அவன் மடியில வச்சுக்குவோம். வருத்தமில்லையே?"

"ரொம்ப வருத்தமா இருக்கு மாமா."

"அத ஏன்யா எங்கிட்டச் சொல்ற?"

"நீங்கதான கேட்டீக."

பெரியவர் கிளம்பிப் போனபின் அண்ணன் மாடிக்கு வந்தார். கிட்டாரை எடுத்தார். சுருதி சேர்த்தார், கலைத்தார், சேர்த்தார். வாசிக்கவே இல்லை. அவரைக் கிண்டல் செய்ய ஒன்றும் தோன்றாமல் நான் உட்கார்ந்திருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

செய்தி தங்கச்சிக்குப் போனது. அவள் போனில் போட்ட சத்தம் ஸ்பீக்கர் போடாமலே கேட்டது. "எங்கண்ணன் மடி இல்லைன்னா எம்பிள்ளைக்குக் காதே குத்த வேணாம். ஒட்டிக்கிற தோடு கடையில விக்கிது, வாங்கிக்கிறேன்!" பெரியவரும் விடவில்லை. ரெண்டு வீட்டுக்கும் நடுவில் போன் பறந்தது. கடைசியில் அண்ணனின் அப்பாதான் ஒரு வழி சொன்னார். வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சியே வாழ்ந்த மனிதர்.

"காது ரெண்டு இருக்குல்ல? மொத முறை அவனுக்கு, மறுமுறை இவனுக்கு."

இப்படி ஒரு பங்கு பிரித்தல் மதுரை ஜில்லாவைத் தவிர வேறெங்காவது நடக்குமா என்று எனக்குத் தெரியாது. வலது காதுக்குச் சித்தப்பா மகன் மடி. இடது காதுக்கு அண்ணன் மடி. யாருக்கும் திருப்தியில்லை, அதனால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

வீடியோ எடுக்க நானும் போனேன். காளவாசல்காரரையும் கூப்பிட்டதற்கு அவர், "நான் வரல. வந்தா என்னைய எல்லாருக்கும் அறிமுகப்படுத்தி வைப்ப" என்று சொல்லிவிட்டாராம். விவரமான ஆள். எனக்கு அந்த விவரம் இல்லாமல் போயிற்று. பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதிக்குப் பக்கத்தில் கேமராவோடு நின்றவளை ஒரு அத்தை இழுத்துப்பிடித்து, மேலும் கீழும் பார்த்து, "நல்ல லெச்சணமா இருக்கியே தாயி. நீ மனசு வச்சா அவன மாத்திரலாம்" என்று காதைக் கடித்தாள்.

பக்கத்தில் நின்ற அண்ணன் திரும்பினார். "அது நடக்காதுத்தே. இந்தத் தங்கச்சிக்கு வேற ஆளு இருக்கு. பேங்க்ல வேலை பாக்குறான்."

எங்கள் வீட்டிலேயே தெரியாத சங்கதி அது. அவருக்குப் பொய் வராது என்பதில் எனக்கு எப்போதும் பெருமைதான். என் விஷயத்திலாவது சும்மா நின்றிருக்கலாம்.

மொட்டை போட்டுச் சந்தனம் தடவியாயிற்று. குட்டிப்பெண் தலையைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா மகன் பாவம், நல்ல பையன். கூச்சத்தில் நெளிந்துகொண்டே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிள்ளையை அவன் மடியில் வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்ததும் சொந்தபந்தம் மொத்தமும் சூழ்ந்துகொண்டு ஒரே குரலில் பாட ஆரம்பித்தது.

"வலிக்காதுடா தங்கம்!"

"எறும்பு கடிச்ச மாதிரி!"

"அங்க பாரு, கொரங்கு! கொரங்கு பாரு!" இது பெரியவர்.

அவள் குரங்கைப் பார்த்தாள். ஆசாரி குத்தினார்.

உடனே அழவில்லை அவள். அதுதான் என் மனசில் இன்னும் நிற்கிறது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அம்மாவை, அப்பாவை, தாத்தாவை. வலிக்காது என்று சொன்ன எல்லோரையும் ஒரு சுற்று பார்த்து முடித்தபிறகுதான் வாயைத் திறந்தாள். குரங்கு மரத்தில் ஏறிவிட்டது.

காதுகுத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். முதல் காது ஒன்றுமேயில்லை. பிள்ளைக்கு என்ன வரப்போகிறதென்று தெரியாது. இரண்டாவது காதுதான் யுத்தம். கௌரவத்துக்காக முதல் காதைப் பிடுங்கிக்கொண்டு, அந்த யுத்தத்தை அண்ணனிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். யாருக்கும் இது தோன்றவில்லை. குட்டி மடியிலிருந்து வழுக்கி இறங்கி ஓடிப்போய், அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. இடது காதைக் கையால் மூடிக்கொண்டது. பலூன் காட்டினார்கள். ஜிகர்தண்டா வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். "இந்தக் காது வலிக்கவே வலிக்காது கண்ணு" என்று அத்தை சத்தியமே செய்தாள். குழந்தை யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "நல்ல நேரம் போகுதுய்யா" என்றார் ஆசாரி. ஒற்றைக் காதோடு எப்படி வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று பெரியவர் வியர்த்துப்போனார்.

அண்ணன் பாய் மேல் போய் உட்கார்ந்து, மடியைத் தட்டினார். குட்டி புடவைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

"மாமா. வலிக்குமா?"

பெரியவர் குனிந்து அண்ணன் காதருகே, கெஞ்சுகிற குரலில், "மாப்ள, இந்த ஒருதடவ மட்டும். வலிக்காதுன்னு சொல்லிரு. பிள்ளைக்காகய்யா" என்றார்.

அண்ணன் கண்ணை மூடினார். எனக்கு அந்த முகம் தெரியும். கேமராவைக் கீழே இறக்கிவிட்டேன்.

"வலிக்கும்டா" என்றார்.

"அடப்பாவி!" என்றாள் அத்தை. யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள்.

குட்டி யோசித்தது. "எம்புட்டு?"

அண்ணனும் யோசித்தார். அளந்துதான் சொல்வார், அவர் வழக்கம் அது. "மொதக் காது வலிச்சுச்சுல்ல? அம்புட்டு. கூடவும் இருக்காது, கொறையவும் கொறையாது. சுருக்குன்னு ஒருதடவ. பெறகு சாயங்காலம் வரைக்கும் எரியும்."

"அப்பறம்?"

"அப்பறம் எனக்கு நெனப்பில்லடா. மாமாவுக்குக் குத்தி ரொம்ப நாளாச்சு."

அவள் வந்தாள். ஓடி வரவில்லை, ஒவ்வொரு அடியாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். மடியில் ஏறி, அவர் சட்டைக் காலரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கெட்டியாப் பிடிச்சுக்க" என்று அவருக்கு உத்தரவு போட்டாள். காதை மூடியிருந்த கை இப்போது காலரில் இருந்தது என்பதை ஆசாரி கவனித்தார். சட்டென்று குத்திவிட்டார்.

அவள் போட்ட கூப்பாட்டில் மரத்திலிருந்த குரங்குகளெல்லாம் இடம் மாறின. சட்டையின் மேல் பொத்தான் தெறித்துப் போனது. ஆனால் அவள் இறங்கவில்லை. அம்மா கையை நீட்டினாள், போகவில்லை. சித்தப்பா மகன் பலூனோடு வந்தான், திரும்பியே பார்க்கவில்லை. சந்தன மொட்டையை அண்ணனின் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு அழுது தீர்த்தாள். அண்ணனும் அழுதார், அவளைவிடச் சத்தமாக. இதை எழுதுவேன் என்று அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். உண்மைதானே, எழுது என்றார்.

ஆசாரி தட்டை ஒதுக்கிக்கொண்டே, "ஒண்ணும் பண்ணாது. தேங்காயெண்ணெ தொட்டு வைங்க, இப்பவே சரியாயிரும்" என்றார். பெரியவர் அவரிடம் தலையாட்டினார். பந்திக்கு நேரமாகிறதென்று யாரோ கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை. பாயோரமாக வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். பேத்தியின் காதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மாப்ள, சாயங்காலம் வரைக்குமா எரியும்?"

"ஆமா மாமா."

பெரியவர் தோள் துண்டை எடுத்து, பேத்தியின் இடது காதுக்கு மெல்ல விசிற ஆரம்பித்தார்.